சேதக் குறிப்பு

பெட்டி எண் பதினொன்று.
ஓவன் ரோட்டில் இழுத்து மூடிய முடிதிருத்தகத்திலிருந்து
நூலகத்துக்கு வந்து சேர்ந்தவை.
சினிமா மாத இதழ், நூற்று நாற்பத்திரண்டு பிரதிகள்.
அட்டையில் பேரின் முன்பாதி எலிக்குப் போக
மிஞ்சியது 'மலர்' மட்டும்.

நான் ஒப்பந்த ஊழியர்.
கையுறை போட்டுப் பக்கம் எண்ணுவது வேலை.
படிப்பது வேலையில்லை.

கம்பி ஊசியில் துரு. தேநீர் வட்டம்.
நாற்பத்தேழாம் பக்கத்து மடிப்பில்
பொடிப்பொடியாக முடி,
யாருடைய பிடரியிலிருந்தோ
அறுபத்தாறாம் வருஷம் உதிர்ந்தது.
தூரிகையால் தள்ளினேன்.
தும்மல் வந்தது.

ஒவ்வோர் அட்டையிலும் ஊதா மையில் முத்திரை:
'கிழிக்காதீர்.'
ஒன்றில்கூட நடுப்பக்கம் இல்லை.
தளத்துக் குடியிருப்புக் கதவுகளில்,
தகரப்பெட்டி மூடிகளின் உட்புறத்தில்,
அந்த நடிகை கண்ணடித்துக்கொண்டே இருந்திருப்பாள்
சோற்றுப்பசையைக் கரப்பான் தின்று முடிக்கும்வரை.

கேள்வி பதில் பகுதியில்தான் அவர் அகப்பட்டார்.
கோ. வெள்ளைத்துரை, கடற்படைத் தளம், சிங்கப்பூர்-27.
மாதம் தவறுவதில்லை.

கே: கதாநாயகி அழும்போது மூக்கு ஒழுகுவதே இல்லையே, ஏன்?
ப: ஒழுகினால் நீங்கள் டிக்கெட் வாங்குவீர்களா?

கே: உங்கள் புத்தகம் கப்பலேறி இங்கே வர இருபது நாள். அதற்குள் நீங்கள் எழுதிய கல்யாணமே முறிந்துவிடுகிறது. எதை நம்ப?
ப: கப்பலை.

என்ன சிரிப்பு என்று மெய் லிங் எட்டிப் பார்த்தாள்.
ஆங்கிலத்தில் சொன்னேன்.
'ஓ' என்றாள்.
பாதிக் கடலிலேயே விழுந்துவிட்டது அது.

எழுபத்தொன்று, மார்ச்.
எழுத்து பெரிதாகவில்லை, அதே எறும்பு அச்சு.

கே: வெள்ளைக்காரன் தளத்தைக் காலி செய்கிறான். இடைவேளையோடு எழுந்து போவதா, கடைசிவரை உட்காருவதா?
ப: பாட்டு நன்றாயிருந்தால் உட்காருங்கள்.

கேட்டது படத்தைப் பற்றியில்லை என்று
சென்னையில் பதில் எழுதியவருக்குத் தெரிந்திருக்கலாம்.
இன்னும் பன்னிரண்டு கேள்விகள் பாக்கியிருந்திருக்கலாம்,
அச்சுக் கோப்பவர் வாசலில் நின்றிருக்கலாம்.

ஏப்ரலில் இல்லை. மேயில் இல்லை.
சிங்கப்பூர்-27 என்று போட்டு
அப்புறம் யாருமே எழுதவில்லை.
எழுபத்திரண்டு முழுக்கப் புரட்டினேன்,
சாப்பாட்டு நேரத்தில், கொஞ்சம் வேலை நேரத்திலும்.
நடிகர்கள் கிருதா வளர்த்தார்கள்.
அட்டைக்கு வண்ணம் கூடிற்று, தாள் மட்டமாயிற்று.
மூன்று பேருக்கு ரகசியத் திருமணம்.
மூன்றுக்கும் அடுத்த மாதம் மறுப்பு.

எழுபத்துமூன்று, ஆகஸ்ட்.
கோ. வெ. துரை, திருத்துறைப்பூண்டி.
அவராக இருக்கலாம். இல்லாமலும் போகலாம்.

கே: இங்கே உங்கள் புத்தகம் வெளிவந்த அன்றே கிடைத்துவிடுகிறது. மிச்சமாகும் இருபது நாளை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

'ப' இருக்கிறது.
பக்கத்தில் இரண்டு புள்ளிகளும் இருக்கின்றன.
அதற்கப்புறம் தாளே இல்லை.
பின்பக்கத்து நடிகையை யாரோ
சவரக்கத்தியாலாக இருக்கும்,
கொண்டைப் பூகூடப் பிசகாமல்
வெட்டி எடுத்துப் போயிருக்கிறார்.

படிவத்தில் நிரப்பினேன்.
சேதம்: ஒரு தாள். ஓட்டை, பெண் வடிவில்,
இடுப்புக்கு மேல்.
இழந்த பகுதி என்ற கட்டத்தில்
பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.
'படம்னு போடு,
பன்னிரண்டாம் பெட்டி காத்திருக்கு' என்கிறாள் மெய் லிங்,
அவளுக்குத் தெரிந்த நாலு தமிழ்ச் சொல்லில்
ஒன்று அது, படம்; மற்றதெல்லாம் அவள் கை சொன்னது.

ஓட்டை வழியே தெரிகிறது
அடுத்த பக்கத்துத் தலைவலித் தைல விளம்பரம்.